பட்டன் அப்பா ஊரில் இல்லை

அந்தப் பூங்காவில் நாய்களுக்குத்தான் பெயர் உண்டு, ஆட்களுக்குக் கிடையாது. காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவரின் நாய்க்கு மேஜர் என்று பெயர். அதனால் அவர் மேஜர் அப்பா. பட்டாளத்தைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனாலும் பூங்காக் காவலாளி தினமும் அவருக்கு ஒரு சல்யூட் வைப்பார், அவரும் குறையில்லாமல் வாங்கிக்கொள்வார். அழகு நிலையம் நடத்தும் பெண் லில்லி அம்மா. கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர் ராக்கெட் அண்ணன். ராக்கெட் நடக்காது. வாசலிலிருந்து பெஞ்சு வரை அதைத் தூக்கிக்கொண்டு வருவார், பெஞ்சிலிருந்து வாசல் வரை தூக்கிக்கொண்டு போவார். அதற்குப் பெயர் வாக்கிங்.

பட்டன் என்கிற பழுப்பு நாயைப் பதினோரு வருடமாக அங்கே கூட்டிக்கொண்டு வந்தவர் பட்டன் அப்பா. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் நுரையீரல் கெட்டு இறந்துபோனார். பெஞ்சுக்கு அது தெரியாது. யார் வீடு எது என்று அங்கே யாரும் கேட்டுக்கொள்வதில்லை, போன் நம்பர் வாங்குகிற பழக்கமும் இல்லை. நாய்க்கு எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது என்று தெரியும், அதன் சொந்தக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியாது. அப்படி ஒரு நெருக்கம்.

எல்லாம் முடிந்து பதினைந்தாம் நாள் காலை ஆறரை மணிக்குப் பட்டன் கதவைப் பிறாண்டியது. அவர் மனைவி அதற்கு முன் ஒரு நாளும் அதை வெளியே அழைத்துப் போனதில்லை. வீட்டுக்குள் அவளும் நாயும் ஓரகத்திகள் போலத்தான் இருந்து வந்தார்கள். பேச்சு உண்டு, ஒட்டுதல் இல்லை. அன்றைக்கும் அவள் கூட்டிக்கொண்டு போனாள் என்பது பேச்சுக்குத்தான். நாய் அவளை இழுத்துக்கொண்டு போய் நேராகப் பெஞ்சின் முன்னால் நிறுத்தியது.

வழியெல்லாம் சொல்ல வேண்டியதை அவள் தயார் செய்து வைத்திருந்தாள். ஒரே ஒரு வாக்கியம். அதற்குள் லில்லி அம்மா நாயின் காதைப் பிடித்துக்கொண்டு, "எங்கடா உங்க அப்பா? டூரா?" என்று கேட்டுவிட்டாள்.

அப்படிக் கேட்டதில் தப்பில்லை. அவர் பயண நிறுவனம் ஒன்றின் கவுன்ட்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து மற்றவர்களுக்கு டிக்கெட் போட்டவர். எந்த விமான நிலையத்தில் இறங்கினால் இடது பக்கம் திரும்பக்கூடாது, எந்த ஊர் டாக்ஸிக்காரன் சுற்றிக்கொண்டு போவான், எந்த ஓட்டலில் தலையணை சரியிருக்காது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. போனவர்கள் திரும்பி வந்து புகார் சொல்லுவார்கள், அதுவே அவருடைய உலகப் பயணம். தான் போனதாக அவர் ஒரு நாளும் பெஞ்சில் சொன்னதில்லை. போகவில்லை என்றும் சொன்னதில்லை. விமானத்தில் ஏறினால் காது அடைக்கும் என்று மற்றவர்களை எச்சரித்தவர் ஒரு விமானத்திலும் ஏறாமலே போய்ச் சேர்ந்தார்.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பதினைந்து நாளாக அவளைப் பார்த்த எல்லா முகமும் கீழே கவிழ்ந்துகொண்டன. இந்த மூன்று முகங்கள்தான் அவர் அடுத்த வாரம் வந்துவிடுவார் என்பதுபோல நிமிர்ந்து நின்றன. அந்த மூன்றையும் கவிழ்க்க அவளுக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

தலையாட்டல் ஒன்று போட்டால் மறுநாள் அதற்கு ஓர் ஊர் தேவைப்படுகிறது. அதற்கடுத்த நாள் அந்த ஊரில் மழையா வெயிலா என்று கேட்கிறார்கள். அவர் மேசை இழுப்பறையில் பழைய பயணக் கையேடுகள் கட்டுக்கட்டாக இருந்தன. ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் அவள் அவற்றைப் புரட்டி, காலையில் அவரை ஒரு மலைமேல் ஏற்றினாள், ஒரு ஏரியில் படகில் விட்டாள், பிறகு ரயிலில் கடலோரமாக இறக்கினாள். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு அவரைக் கிளப்ப அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது சொன்ன இடத்துக்கெல்லாம் சொன்னபடி போனார்.

இதைப் போனில் அக்காவிடம் மட்டும் சொன்னாள். அக்கா திட்டித் தீர்த்தாள். "மூணு நாய்க்காரங்ககிட்ட நிஜத்தைச் சொல்ல உனக்கு என்னடி வலிக்குது?" என்று கேட்டாள். வலிக்கிறது என்று சொன்னால் அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிவிடுவாள். நாளைக்குச் சொல்றேன் என்று போனை வைத்தாள்.

இப்படியே ஆறு வாரம் ஓடியது. அதற்குள் பெஞ்சில் வேறொரு விவகாரம் முற்றிக்கொண்டிருந்தது.

லில்லி அம்மாவுக்கு அரச குடும்பம் என்றால் உயிர். எங்கோ ஒரு குளிர் தேசத்து அரண்மனை. அங்கே நடப்பதை அவள் தினமும் போனில் படித்துவிட்டு, சம்பந்தி வீட்டு விஷயம் மாதிரி வந்து சொல்லுவாள். ராணிக்கு மூத்த மருமகளைக் கண்டால் ஆகாது. சின்ன மருமகள் வாய்க்காரி. பட்டாபிஷேகத்தன்று நாத்தனார் போட்டிருந்த தொப்பியை வைத்து இரண்டு நாள் பேசினார்கள். ராக்கெட் அண்ணனுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லைதான், ஆனால் தீர்ப்பு சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. மேஜர் அப்பா அந்த அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தவர். கேட்டுக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோ அவரிடம் இருந்தது. அதனால் உள்ளே நடப்பதற்கெல்லாம் அவரே சாட்சி.

அந்த வாரச் செய்தி மூத்த இளவரசரைப் பற்றியது. இரண்டு மாதமாக அவர் தேசம் தேசமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். இளவரசி இரண்டு நாய்களோடு தனியாக நடந்து போகும் படம் வந்திருந்தது. லில்லி அம்மா படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். கையில் மோதிரம் இல்லை. மூன்று தலையும் போனின் மேல் குனிந்தன.

"நாயை இவகிட்ட விட்டுட்டுப் போயிருக்கான் பாருங்க. வர்ற ஐடியா இருக்கறவன் இப்படி விட்டுட்டுப் போகமாட்டான்," என்றார் ராக்கெட் அண்ணன்.

சொல்லி முடித்ததும் மூன்று தலையும் நிமிர்ந்தன. பட்டனைப் பார்த்தன. பிறகு கயிற்றின் இந்த முனையில் இருந்தவளைப் பார்த்தன. இரண்டு மாத டூர், தனியாக ஒரு பெண், கையில் நாய். கணக்கு ஒத்துப்போய்விட்டது.

மறுநாளிலிருந்து பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். மேஜர் அப்பா மட்டும் அன்றைக்கே சுற்றுப்பயணம் கிளம்பிப் போயிருந்தார். அவரிடமிருந்து போன் வருகிறதா என்று லில்லி அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஆண்கள் அறுபதுக்கு மேல் தடம் புரள்வதைப் பற்றித் தன் பார்லருக்கு வருகிற ஒருத்தியின் கதையைச் சொன்னாள். முடிக்குச் சாயம் போட ஆரம்பித்தாரா என்று விசாரித்தாள். அவர் தலையில் சாயம் போடுகிற அளவுக்கு முடி இருந்ததில்லை என்பது பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதா? அதைக் கேட்டதற்கு, இளவரசருக்கும் வழுக்கைதான் என்று பதில் வந்தது.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்து அவள் வெகுநேரம் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். அவரைச் சாகாமல் வைத்திருக்கப் போய், மானத்தைக் கெடுத்து வைத்திருக்கிறாள். மனிதர் முப்பத்தொரு வருடம் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோனவர். ஒன்று, அவர் செத்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவர் ஓடிப்போனவராகவே இருந்துவிடுவார். இரண்டுக்கும் நடுவில் ஊர் எதுவும் பாக்கி இல்லை.

மறுநாள் சொல்லிவிடுவது என்று உறுதியாகத்தான் போனாள். ஆனால் அன்றைக்கு மேஜர் அப்பா பத்து நாள் சுற்றுப்பயணம் முடிந்து திரும்பியிருந்தார். புதுத் தொப்பி. எல்லாருக்கும் சாவி வளையம் வாங்கி வந்திருந்தார். போன வாரம் அவள் பட்டன் அப்பாவை எந்தத் துறைமுக நகரத்தில் இறக்கினாளோ அதே ஊருக்குத்தான் அவரும் போயிருக்கிறார். தெரியாமல் இறக்கிவிட்டாள், பெஞ்சும் அதை அவரிடம் சொல்லிவிட்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரரைப் பார்த்தேனே," என்றார்.

"தனியாவா இருந்தார்?" என்றாள் லில்லி அம்மா.

மேஜர் அப்பா மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார். பட்டனின் கயிற்றைப் பிடித்திருந்தவளுக்கு மதியத்துக்கு மேல் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பதுதான் வேலை. கடைசி வரி எழுத்து தெரியாமலே தெரிகிறது என்று அடித்துவிடுகிறவர்களை அவள் தினம் நாலு பேராவது பார்க்கிறாள். எல்லாரும் இப்படித்தான் முதலில் கண்ணாடியைத் தள்ளிவிடுவார்கள்.

"அதை என் வாயால எப்படிச் சொல்றது," என்று இழுத்தவர், அதே வாயால் சொன்னார். ஓட்டலில் காலைச் சாப்பாட்டு நேரம். பக்கத்தில் ஒருத்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி. இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தொந்தரவு பண்ண வேண்டாமென்று இவர் ஒதுங்கிவிட்டார்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். தன் காலுறை எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாத மனிதருக்கு முப்பத்தைந்து வயதில் ஒருத்தியாம். ஆனால் கோபத்துக்குப் பின்னாலேயே வேறொன்று வந்தது. அவரைப் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக, அவளல்லாத ஒருவர்.

"என்ன சட்டை?" என்று கேட்டாள்.

"கட்டம் போட்டது."

"சாப்பிட்டாரா?"

"நல்லா சாப்பிட்டார். ரெண்டு முட்டை, ஜூஸ். எழுந்து போய் இன்னொரு தட்டும் கொண்டுவந்தார்."

கடைசி மூன்று வாரம் அவருக்கு ஸ்பூனில் தண்ணீர் இறங்கவே அரை மணி ஆனது. அவள் கயிற்றை விரலில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"மூச்சு வாங்குச்சா?"

"மூச்சா? லிஃப்ட் இருக்கு, அதை விட்டுட்டுப் படியிலதான் ஏறி வந்தார்."

இன்னும் ஏழெட்டுக் கேள்வி கேட்டாள். தூங்கின முகமாக இருந்தாரா, குரல் தெளிவாக இருந்ததா, கால் வீங்கியிருந்ததா. மேஜர் அப்பா எதற்கும் அசரவில்லை. குரல் கணீரென்று இருந்தது. கால் வீங்கவில்லை, புதுச் செருப்பு. கேட்கக் கேட்க அவருக்கு உற்சாகம் கூடியது, அவளுக்கும்தான்.

லில்லி அம்மாவால் பொறுக்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்படிப்பட்ட ஆளுக்காகவா இவ்வளவு கேக்கறீங்க? அந்த இளவரசியைப் பாருங்க. மோதிரத்தைக் கழட்டி வச்சுட்டு நிமிர்ந்து நடக்குறா. விட்டுத் தள்ளுங்க."

"நாயை விட்டுட்டுப் போனப்பவே எனக்குத் தெரியும்," என்றார் ராக்கெட் அண்ணன், மடியில் இருந்த ராக்கெட்டைத் தடவியபடி.

"அவர் நாயை விட்டுட்டுப் போகல," என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "செத்துப்போயிட்டார். மார்ச் மாசம், ஆஸ்பத்திரியில. நான் பக்கத்துலதான் இருந்தேன். கடைசியா பட்டனுக்குப் பூச்சி மாத்திரை குடுத்தியான்னு கேட்டார். என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கல."

ராக்கெட் கொட்டாவி விட்டது. மெதுவாக எல்லாக் கண்களும் மேஜர் அப்பாவின் மேல் வந்து நின்றன. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"ஆள் மாறியிருக்கும்," என்றார்.

அதோடு மேஜரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காவலாளி வைத்த சல்யூட்டை அன்றைக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

மேஜர் அப்பாவைப் பற்றி லில்லி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு வருத்தமெல்லாம் பட்டன் அம்மாவின் மேல்தான். பத்து நாளாகத் தான் தூக்கமில்லாமல் கவலைப்பட்டது அத்தனையும் வீண். தங்களிடம் மறைக்கலாமா, தாங்கள் என்ன அந்நியமா, தெரிந்திருந்தால் ஒரு மாலையாவது வாங்கிக்கொண்டு வந்திருக்க மாட்டோமா என்று கேட்டாள். எந்த வீட்டுக்கு வந்திருப்பாள் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

ஆனால் பெஞ்சு தன் கடமையில் தவறவில்லை. இரண்டு நாளில் பூங்கா வாசலில் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்பட்டிருந்தது. பட்டன் அப்பா மறைவுக்கு ஆழ்ந்த வருத்தம் என்று பெரிய எழுத்து. அவருடைய படம் யாரிடமும் இல்லை. பதினோரு வருடத்தில் எடுத்த எல்லாப் படத்திலும் நாய்தான் இருந்தது. அதனால் பட்டனின் படத்தைப் போட்டு, சுற்றிலும் கறுப்புக் கோடு கட்டிவிட்டார்கள். காலையில் ஓட வருகிறவர்கள் நின்று, நல்ல நாய் என்று உச்சுக்கொட்டிவிட்டு, இரண்டடி தள்ளி அதே நாய் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். அவள் அந்தத் தாளின் முன் நின்று வெகுநாள் கழித்துச் சிரித்தாள். வீட்டில் சொன்னால் அவரும் சிரிப்பார் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மேஜர் அப்பா மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வாசலுக்கு வெளியே, மரத்தடியில் அவளுக்காகக் காத்திருந்தார். தொப்பி இல்லை. தப்பாக நினைக்கக்கூடாது என்று ஆரம்பித்து, தான் யாரையும் பார்க்கவில்லை என்றார். அந்த ஊரில் காலைச் சாப்பாட்டுக்கே போகவில்லை. இறங்கிய அன்றைக்கே வயிற்றுப்போக்கு. நாலு நாளும் அறையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"திரும்பி வந்து சொல்ல ஒண்ணும் இல்லம்மா. அதான்," என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியில் அவர் கை வைக்கவில்லை.

"அந்தப் பொண்ணை மட்டும் எடுத்துடுங்க," என்றாள். "மத்ததெல்லாம் இருக்கட்டும்."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. தெருவின் பக்கம் திரும்பி, சற்று யோசித்தார்.

"தனியாத்தான் உட்கார்ந்திருந்தார்," என்றார். "கடல் தெரியற மாதிரி, ஜன்னல் ஓரமா."