மூச்சை மட்டும் கேட்டவன்

முதியோர் இல்ல விளம்பரத்தை நாலு நிமிடத்திலிருந்து ஒரு நிமிடமாகக் குறைக்கச் சொல்லி முதலாளி திருப்பி அனுப்பியபோதுதான், கத்திரி முதல்முறையாக அதன் வார்த்தைகளைக் கேட்க வேண்டியதாயிற்று.

கத்திரி என்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் அவனுக்கு வைத்த பெயர். பேச்சிலிருந்து இருமல், எச்சில் விழுங்கும் சத்தம், இழுத்து விடும் மூச்சு எல்லாவற்றையும் வெட்டி எறிவது அவன் வேலை. என்ன பேசினார்கள் என்று யாராவது கேட்டால் உதட்டைப் பிதுக்குவான். "வார்த்தை எவனுக்கு வேணும்? எனக்கு மூச்சு மட்டும்தான் கேட்கும்" என்று பெருமையடிப்பான். பதினாறு வருடப் பெருமை அது. இந்த விளம்பரத்தில் பேசியவருக்கு அன்று கடுமையான மூக்கடைப்பு. ஆறு மாதம் முன்பு மூன்று நாள் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சுத்தம் செய்தான்.

இப்போது ஓடவிட்டான்.

"தனியா அடைஞ்சு கிடக்கறதைவிட, நாலு பேர் மத்தியில இருந்தா அவங்களுக்கும் ஒரு தெம்பு. நாம அவங்களைத் தள்ளி வைக்கலை. அவங்க இஷ்டத்துக்கு வாழ விடறோம்."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவன் பேசிய பேச்சு. அதைச் சுத்தம் செய்த அடுத்த மாதம், அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருக்க, அக்காவிடம், நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்கா என்று ஆரம்பித்துச் சொன்னது. நடுவில் விட்ட இடைவெளிகூட அதேதான். ஒரு மூச்சை வெட்டி அவனே வைத்த இடைவெளி.

அக்காவுக்குப் போன் போட்டான்.

"அம்மாவை இல்லத்துல சேர்க்கலாம்னு அன்னைக்குப் பேசினேனே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? ஒரு திக்கல் இல்லாம பேசினே. மனசுலேர்ந்து வருதுன்னு நம்பித்தான்டா நான் வாயே திறக்கலை. இல்லேன்னா என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருப்பேன்."

"அது என் பேச்சே இல்லைக்கா."

"பின்ன யாரோடது?"

போனை வைத்துவிட்டான். அந்த மூக்கடைப்பு ஆசாமி மேல் கோபப்பட்டுப் பார்த்தான், கோபம் நிலைக்கவில்லை. அவன் காதே அவன் கழுத்தை அறுத்திருந்தது. அந்தப் பேச்சை நம்பித்தான் அம்மா மறுவாரமே பெட்டியோடு இல்லத்துக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

அம்மா தினமும் குரல் பதிவு அனுப்புவாள். குரல் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்துவிடுவான். காலையில் வந்ததைக் கணினிக்கு மாற்றி, காதில் மாட்டிக்கொண்டு கேட்டான்.

"நல்லா இருக்கேன்பா. அக்கா எதாவது சொன்னா மனசுல வச்சுக்காதே. நாலு பேர் மத்தியில இருந்தா எனக்கும் ஒரு தெம்புதானே. நீ என்ன என்னைத் தள்ளியா வச்சிருக்கே?"

பிறகு வார்த்தை இல்லை. நீளமாக ஒரு மூச்சு மட்டும். திரையில் அது சின்ன மேடாகத் தெரிந்தது. அவன் சொல்லாமலேயே விரல் போய் அந்த மேட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை வளைத்துப் பிடித்து, வெட்டுவதற்குத் தயாராக நின்றது.