எல்லைப் பாறையில் மாலேனே

மேற்குக் கடலின் அலைகள் கருங்கற் கரையை ஓயாது அறைய, மலைமுடிகளில் முதற்பனி வெளுத்துக் கிடக்க, மரச்சட்டங்களிற் காயும் மீனின் நெடி காற்றிலேறி வீடுதோறும் நுழைய, நோர்வே நாட்டின் ஸ்கார்வ்நேஸ் ஊராட்சியில் இலையுதிர்காலத் திங்கட்கிழமையொன்று விடிந்து முற்பகலாகியிருந்தது. கற்றறிந்த வாசகரே, இன்று அப்பெயரில் ஊராட்சி ஏதுமில்லை. பின்னாளில் அண்டை ஊரோடு இணைத்துப் பெயரையே அழித்துவிட்டார்கள். அந்நாளிலோ கடற்கழிக்கு இப்பால் நாங்கள், அப்பால் ஹெல்வோய்க்காரர். நடுவே நின்ற மொட்டைப் பாறையில் அறைந்த இரும்பு முளையே இரண்டுக்கும் எல்லை. பன்னிரண்டு உழவர் மன்றமாய்க் கூடியமர்ந்து எங்களை ஆண்டனர். உழவர் ஆட்சியெனில் இரக்கம் மிகுந்திருக்குமென்று எண்ணுவீராயின் எண்ணிக்கொள்ளும். நான் அவ்வூரிற் பிறந்தவன்.

ஈராண்டு இடையறாது ஓரூரில் வாழ்ந்தோர் நலிவுற்றால் அவ்வூரே உணவளிக்க வேண்டும், அதற்குள் கையேந்தினால் அவர் பழைய ஊருக்கே உரியவர் என்பது அந்நாளைய சட்டம். ஹெல்வோயிற் பிறந்து, கணவனைக் கடலுக்குக் கொடுத்து, எங்கள் கரைக்கு வந்து பிறர் பிடித்த மீனை அரிந்து வயிறு கழுவிய மாலேனே என்னும் கைம்பெண், உப்பு தின்ற விரல்கள் அழுகி மடங்காமற் போனபின்னும் வாய் திறவாமல், படகுக் கொட்டிலில் முடங்கி நாளெண்ணிக் காத்திருந்தாள். கரையிறங்கிய நாள்தொட்டு எண்ணி, ஈராண்டு நிறைந்ததென்று துணிந்து, அத்திங்களன்று தலைமுக்காட்டைத் திருத்திக்கொண்டு மன்றத்தினுள் நுழைந்தாள்.

"ஐயா, ஒரு மூட்டை பார்லி குடுத்தாப் போதும். பனிக்காலத்த ஓட்டிருவேன். நான் இப்ப உங்க ஊர்க்காரிதான?" என்றாள்.

மன்றத் தலைவர் ஆன்ஃபின், தேவாலயத்துக் குடிவரவுப் பதிவேட்டை விரித்து, விரல் வைத்துப் பார்த்துப் புன்னகைத்தார். மாலேனே வந்த வாரம் கடல் கொந்தளித்ததால் பாதிரியார் மூன்று நாள் கழித்தே படகேறி வந்து அவள் பெயரைப் பதிந்திருந்தார். சட்டத்துக்குக் கரையிறங்கிய நாள் பொருட்டன்று. பதிந்த நாளே கணக்கு.

"வியாழக்கிழமதாம்மா ரெண்டு வருசம் முடியுது. நீ மூணு நாளு முந்திக்கிட்டியே!"

மன்றம் சிரித்தது. மாலேனேயின் முகம் வெளிறிற்று.

"அப்ப நான் கேக்கலைன்னு வச்சுக்குங்க ஐயா. வெள்ளிக்கிழம வந்து கேக்குறேன். அதுவரைக்கும் ஒரு வாய் தண்ணிகூட யார்கிட்டயும் கேக்க மாட்டேன்."

"வாய்விட்டுக் கேட்டாச்சே தாயி. உன் ஊரு உனக்குச் சோறு போடும். ஐலர்ட் படகுல கொண்டுபோய் விடுவான்."

அவர் குரலில் தேன் சொட்டியது. வியாழக்கிழமைக்குள் அவளை எங்கள் மண்ணினின்று அகற்றிவிட வேண்டுமென்பதே அத்தேனுக்கு அடியிலிருந்தது. எழுத்தர் மனுவைப் பதிய எடுத்த மைக்கோலை ஆன்ஃபின் கண்ணாலேயே கீழே வைக்கச் செய்தார்; பதிந்தால் ஹெல்வோய்க்கு மடல் எழுத வேண்டும், மறுமடல் வரும்வரை அவளுக்கு உணவிட வேண்டும்.

மன்றத்து ஏவலாள் ஐலர்ட் துடுப்பு வலித்து அக்கரை சேர்ந்தபோது, ஹெல்வோய்க்காரர் எழுவர் துடுப்புகளை நீட்டிப் படகைத் தள்ளினர்.

"ரெண்டு வருசம் உங்க மீன அரிஞ்சவ, இப்ப கை அழுகுனதும் எங்க தலையிலயா? கூட்டிட்டுப் போடா!"

திரும்பி வந்தால் எங்கள் துறையிலும் ஆன்ஃபினின் ஆட்கள் நின்றனர். இரு கரையும் ஏற்காத சுமையோடு நடுக்கழியிற் கிடந்த ஐலர்ட், மேற்கே வானம் கறுப்பதைக் கண்டு அஞ்சி, எல்லைப் பாறையில் அவளை இறக்கி, பாய்த்துணியையும் இரண்டு ரொட்டியையும் அருகில் வைத்தான்.

"ரெண்டு ஊரும் பேசி முடிக்கட்டும்க்கா. சாயங்காலம் வந்துர்றேன்."

"முளைக்கு எந்தப் பக்கம்டா நம்ம ஊரு?" என்று கேட்டாள் மாலேனே. அவன் காட்டிய பக்கமாக நகர்ந்து அமர்ந்தாள்.

அம்மாலையே புயல் இறங்கிற்று. நான்கு நாள் எந்தப் படகும் துறை நீங்கவில்லை. எங்கள் வீடுகளில் அடுப்பெரிய, கஞ்சி கொதிக்க, நாங்கள் காற்றின் ஓலத்தைக் கேட்டபடி அப்பாறையைப் பற்றி ஒருவரோடொருவர் பேசாதிருந்தோம். பேசாதிருந்தவருள் நானும் ஒருவன், எழுதவே வெட்கமாயிருக்கிறது.

வெள்ளி நண்பகலில் ஐலர்ட் சென்றான். மாலேனே தன் முக்காட்டால் இடுப்பை இரும்பு முளையோடு பிணைத்து, எங்கள் பக்கத்திலேயே கிடந்தாள். உயிரில்லை, ஆனால் அக்குளில் சூடு இன்னும் ஆறவில்லை. வியாழன் முழுவதும் அவள் உயிரோடிருந்திருக்கிறாள்.

பிணத்தைத் துறையிற் கிடத்திவிட்டு மன்றம் கூடிற்று. முதியவரொருவர், "ஹெல்வோய்க்காரன்கிட்டயே குடுத்துருவோமே, பெட்டிச் செலவாவது மிஞ்சும்," என்றார்.

ஆன்ஃபின் தலையசைத்து மறுத்தார். "வேத்தூர்க்காரிய பாறைல விட்டுட்டோம்னா ஆளுநர் விசாரிப்பாரு. நம்ம ஊர்க்காரின்னா நம்ம வீட்டுச் சாவு, யாரு கேக்கப் போறா? திங்கக்கிழம மனுவ நாம பதியவே இல்ல. அதனால அவ கேக்கவும் இல்ல. நேத்தோட ரெண்டு வருசமும் முடிஞ்சுபோச்சு."

"அந்த பார்லி மூட்ட?" என்றான் கதவருகே நின்ற ஐலர்ட்.

"யாருக்குடா?" என்றார் தலைவர்.

பன்னிரண்டு கைகளும் ஒருங்கே உயர்ந்தன. மாலேனே ஸ்கார்வ்நேஸ் குடிமகளென்று அன்றைய ஏட்டில் அழகிய எழுத்திற் பதிவாயிற்று. கற்றறிந்த வாசகரே, சட்டத்தில் ஒரு சொல்லும் பிறழவில்லை, மன்றத்தில் ஒருவரும் குரலுயர்த்தவில்லை. உயிரோடு வந்து கேட்டவளுக்கு இல்லையென்ற ஊரை, இனி ஒருநாளும் பசியென்று வரமாட்டாள் என்று உறுதியான பின்னரே அவளுக்குக் கொடுத்தோம்.