ஐந்தாவது முதல் நாள்

பட்டன்காரர் கீட்டோ டயட்டில் இறங்கியது இளைத்து அழகாக வேண்டும் என்ற ஆசையில் அல்ல. அவருடைய கடையில் வெள்ளைப் பட்டனில் மட்டும் பதினான்கு வெள்ளை உண்டு. பால் வெள்ளை, எலும்பு வெள்ளை, சோப்பு வெள்ளை, நனைந்த காகித வெள்ளை என்று அவரே வைத்த பெயர்கள். தையல்காரர்கள் துணியின் ஓரத்தை நீட்டினால் போதும், எந்த வரிசை, எத்தனையாவது டப்பா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் ஒரே சட்டைக்கு இரண்டு வெள்ளையைக் கலந்து கொடுத்தனுப்பினார். தையல்காரர் திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் பட்டனை மட்டும் மேசையில் வைத்துவிட்டு நின்றார். திட்டியிருந்தால்கூடப் பட்டன்காரர் தாங்கியிருப்பார்.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். சர்க்கரை கண்ணுக்குள் புகுந்து வேலையை ஆரம்பித்துவிட்டது, இதை இறக்கி ஒரே சீராக வைக்காவிட்டால் பட்டன் எங்கே இருக்கிறது என்று தடவித்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். நான்கு மணி நேர ரயில் தூரத்தில் இருந்த மகள், போனிலேயே அழுது, போனிலேயே அதட்டி, ஒரு டயட்டீஷியனிடம் நேரமும் வாங்கிவிட்டாள்.

மருந்துக்கடைக்கு மேலே சின்ன அறை. மேசையில் பிளாஸ்டிக் பழங்கள். டயட்டீஷியன் பெண்ணுக்குத் தன் மகள் வயதுகூட இராது என்று கணக்குப் போட்டுக்கொண்டே பட்டன்காரர் உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு மாவுச்சத்து முப்பது கிராமுக்குள் என்றாள் அவள். பேரம் பட்டன்காரருக்கு ரத்தத்தில் ஊறியது, ஐம்பது என்றார். முப்பது என்றாள். நாற்பதுக்கு வந்து, எழுந்து போவதுபோல நாற்காலியையும் நகர்த்திப் பார்த்தார். அவள் நிமிராமல் முப்பது என்று எழுதினாள். நல்ல வியாபாரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

பிறகு அவள் வரிசையாகச் சொன்னாள். முதலில் வீட்டு அலமாரியைக் காலி பண்ண வேண்டும். அரிசி, ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு எதுவும் கண்ணில் படக் கூடாது. முட்டை, மீன், இறைச்சி, கீரை, வெண்ணெய் சாப்பிடலாம். வெண்ணெய் சாப்பிடலாம் என்பதற்காக வெண்ணெயை மட்டும் சாப்பிடக் கூடாது. முதல் வாரம் தலை வலிக்கும், காரணமில்லாமல் கோபம் வரும், கால் இழுக்கும். தண்ணீரும் உப்பும் குறையக் கூடாது. சர்க்கரை மாத்திரையை டாக்டர் குறைத்துக் கொடுத்த அளவில்தான் போட வேண்டும், சொந்த மூளையை உபயோகிக்க வேண்டாம். எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் அச்சடித்த ஒரு தாளாகவும் கொடுத்தாள். முன்பக்கம் முடிவதற்குள் பட்டன்காரருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பின்பக்கத்தை அவர் திருப்பவே இல்லை.

பக்கத்துக் கடைக் குடைக்காரர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். வெண்ணெய் தின்று இளைப்பதென்றால் தன் மாமனார் ஊதினால் பறக்கிற ஆளாக இருந்திருக்க வேண்டும் என்றார்.

முதல் இரண்டு நாள் மண்டை பிளந்தது. மூன்றாம் நாள் காலை, பல் தேய்த்துவிட்டுப் படுக்கையறைக்குள் வந்த பட்டன்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாசனை.

அவர் மனைவி இறந்து ஒரு வருஷமும் எட்டு மாதமும் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பழைய நகப்பூச்சைப் பஞ்சில் துடைத்துத் துடைத்து அழிப்பாள். மூக்கைத் துளைக்கிற, கெட்டுப்போன பழம் மாதிரித் தித்தித்த வாசனை. முப்பத்தோரு வருஷமும் அதற்காக அவர் முகம் சுளித்தார். தலை வலிக்கிறது, வெளியே போய்ச் செய் என்பார். அவள் போனதே இல்லை. அவள் இறந்த மாதமே மகள் வந்து துணிமணி, சீப்பு, நகப்பூச்சு வைத்திருந்த தகர டப்பா என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டாள். அந்த வாசனை வருவதற்கு வீட்டில் வழியே இல்லை.

பட்டன்காரர் அலமாரியைத் திறந்தார். கட்டிலுக்கடியில் குனிந்தார். மெத்தையைப் புரட்டினார். கடைசியில், தன் வீட்டில் தானே விருந்தாளிபோல ஜன்னல் ஓரத்து நாற்காலிக்கு எதிரே, கட்டில் நுனியில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்.

“என்னம்மா, வந்திருக்கியா?”

கேட்டு முடித்ததும் வாசனை குப்பென்று கூடியது.

அவர் எதையும் சும்மா நம்புகிறவர் அல்ல. பட்டுநூல் என்றால் ஒரு இழையைக் கொளுத்திப் பார்த்துத்தான் வாங்குவார். இதையும் நான்கு பக்கம் சோதித்தார். கடையில் வந்தது. லிப்டில், கதவு மூடியதும் வந்தது. உயிரோடு இருந்தபோது கடைப் பக்கமே எட்டிப் பார்க்காதவள் இப்போது கூடவே வருகிறாளே என்று ஒரு சந்தேகம் எழாமலில்லை. அன்றைக்கு மதியம் குடைக்காரர் அருகில் வந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் மூக்கைத் தேய்த்தார்.

“என்னய்யா, உள்ளே பெயிண்ட் அடிச்சியா? ஒரு மாதிரி வாடை வருதே.”

மூன்றாவது மனிதன் சாட்சி சொல்லியாகிவிட்டது. பட்டன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டப்பாக்களை அடுக்கினார்.

அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வர ஆரம்பித்தார். முட்டையும் கீரையும் தட்டில் எடுத்துக்கொண்டு நாற்காலிக்கு எதிரே உட்காருவார். கடையில் யார் வந்தார்கள், எவன் ஏமாற்றப் பார்த்தான் என்று சொல்வார். சொல்லச் சொல்ல வாசனை நெருங்கி வரும். கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். உடம்பும் லேசானது, சர்க்கரையும் இறங்கியது. எல்லாம் நல்லதற்குத்தான் என்று நிம்மதியாக மூச்சு விட்ட பன்னிரண்டாம் நாள், அவள் இல்லை.

இரண்டு நாள் பார்த்தார். ஜன்னலைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். பதினைந்தாம் நாள் அடுமனைக்குப் போய் ஒரு முழு ரொட்டியும் ஜாமும் வாங்கி வந்து, நின்றபடியே, யாரையோ பழிவாங்குவதுபோலத் தின்று தீர்த்தார். குற்ற உணர்ச்சி தாங்காமல் மறுநாளே டயட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாம் நாள் காலை அவள் வந்துவிட்டாள்.

பட்டினி கிடக்கிறேன் என்றுதான் வருகிறாள், தெம்பானதும் போய்விடுகிறாள் என்று பட்டன்காரர் முடிவு கட்டினார். உயிரோடு இருந்தபோதும் அவள் அப்படித்தான். காய்ச்சல் என்றால் கால்மாட்டிலேயே கிடப்பாள், இறங்கிவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். வழி தெரிந்துவிட்டது. அவள் போனதும் ரொட்டி, மறுபடி முதல் நாள், மூன்று நாள் பொறுமை. இப்படியே நான்கு முதல் நாள் ஆகிவிட்டது.

டயட்டீஷியன் பெண் சோதனைத் தாள்களைப் பக்கம் பக்கமாகப் பரப்பி வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். சர்க்கரை ஊஞ்சல்போல ஏறி இறங்குகிறது, இந்த ஆட்டம்தான் கண்ணுக்குப் பெரிய கெடுதல் என்றாள். எதற்காகத் திரும்பத் திரும்ப விட்டுவிட்டு ஆரம்பிக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் அவள் லேசாகத் தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

“வாய்ல நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை வருது பாருங்க சார். தாள்ல பின்னாடி போட்டிருக்கேனே, படிக்கலையா?”

உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும்போது மூச்சில் அந்த வாசனை வரும், பழகப் பழகப் போய்விடும் என்றாள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது ஆபத்தின் அடையாளமாகவும் இருக்கலாம் என்று அப்போதே விரலில் குத்தி ரத்தத்தைப் பார்த்தாள். அளவுக்குள்தான் இருந்தது. புதினா மெல்லுங்கள், தண்ணீர் அதிகம் குடியுங்கள் என்றாள்.

பட்டன்காரர் ஒரு பிளாஸ்டிக் பழத்தை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

“போகாம வச்சிக்க ஏதாவது வழி இருக்காம்மா?”

அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவர் படி இறங்கிப் போனதும் மகளுக்குப் போன் செய்தாள்.

தெரிந்த பிறகாவது விட்டிருக்க வேண்டும். விடவில்லை. தன் நெஞ்சிலிருந்து வருகிறது என்பதற்காக அது அவள் இல்லை என்று ஆகிவிடுமா என்று ஜன்னல் நாற்காலியிடம் வாதாடிவிட்டு, ரொட்டியைத் தின்றார். ஐந்தாவது முதல் நாள்.

நான்காம் நாள் மதியம் மகள் வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தத் தொடங்கினாள். கண் போனால் யார் பார்ப்பது, அம்மாதான் சொல்லாமல் கொள்ளாமல் போனாள், நீங்கள் திட்டம் போட்டுப் போகிறீர்களா என்று. பட்டன்காரர் அவள் கையைப் பிடித்து, “பாப்பா, கொஞ்சம் உட்காரேன்” என்றார்.

மகள் பாதிச் சொல்லில் நின்றாள். மூக்கு மெல்ல விரிந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் அப்பாவின் முகத்துக்குக் கிட்டே வந்தாள்.

“இன்னொரு தடவை பேசுங்கப்பா.”

“என்னத்தப் பேசறது?”

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, அவர் முட்டியில் தலை வைத்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் கேட்டாள்.

“எத்தனை நாள் இருக்கும்?”

“பன்னிரண்டாம் நாள் போயிடும். இன்னிக்கு நாலாம் நாள்.”

“நான் லீவு போடறேன். இதோட கடைசிப்பா. ரொட்டியும் கிடையாது, திரும்ப ஆரம்பிக்கிறதும் கிடையாது.”

பட்டன்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கே தலையாட்டினார்.

வாய் மூடியிருந்தால் வாசனை இல்லை. அதனால் பேச வேண்டியிருந்தது. மனைவி இறந்த இத்தனை மாதத்தில் அப்பாவும் மகளும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது மதியம் தோறும் பட்டன்காரர் பேசினார். கல்யாணமான புதிதில் அவள் கோபித்துக்கொண்டு மூன்று நாள் சாப்பிடாததை. கடைக்குப் பெயர் வைக்கும்போது அவள் சிரித்ததை. தலை வலிக்கிறது என்று தான் சொன்னதெல்லாம் பொய், சும்மா அவளைச் சீண்டத்தான் என்பதை. மகள் அவர் தோளில் தாடையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை எழுந்ததும் பட்டன்காரர் உள்ளங்கையைக் குவித்து ஊதிப் பார்த்தார். ஒன்றுமில்லை. வெறும் மூச்சு. முகம் கழுவினார், முட்டை சாப்பிட்டார், மதியம் வரை யாரோடும் பேசவில்லை.

மதியம் மகள் வழக்கம்போல வந்து தோளில் சாய்ந்தாள்.

“இன்னிக்கு இருக்காம்மா?” என்று கேட்டார்.

மகள் கண்ணைத் திறக்கவில்லை.

“இருக்குப்பா. நீங்க பேசுங்க.”

பட்டன்காரர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, மனைவி பிரசவத்துக்குப் போன நாளிலிருந்து ஆரம்பித்தார்.