கதவில் ஒட்டிய வரங்கள்

“ஒத்துமைன்னா என்னன்னு இந்த உலகமே நம்ம சபையப் பாத்துத்தான் படிக்கணும்” என்று தங்கப்பாண்டியன் அறிவித்தபோது, அவன் மனைவி முத்துச்செல்வி அரிசியை இரண்டு டிரம்களில் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்ப எதுக்கு ரெண்டு டிரம்மு?”

“ஒத்துமை வேற, அரிசி வேற.”

அவள் படியைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு, அசனம். சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் வருடாந்தர விருந்து. அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துவைப்பார்கள். வடக்குத்தெரு அரிசி முதல் டிரம்மில் சேர்ந்து அண்டாவுக்குப் போகும். காலனி அரிசி, ‘ஏழைகளுக்கு’ என்று எழுதிய சாக்கில் ஏறி ஏதோ ஒரு விடுதிக்குப் போகும். காலனிக்காரர்கள் வடக்குத்தெருவின் சோற்றைச் சாப்பிடுவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவார்கள்.

போதகருக்கு ஒன்பது சபைகள். மாதம் ஒருமுறை வந்து, ஒரே உடம்பில் கண்ணும் காதும் காலும் வெவ்வேறு வேலை செய்வதைப் பற்றிப் பேசிவிட்டுச் சாத்தூர் பஸ்ஸைப் பிடிப்பார். பாடகர் குழுத் தலைவனான தங்கப்பாண்டியன் அந்தப் பிரசங்கத்தை வீணாக்கவில்லை. பட்டியலாக எழுதி ஆலயக் கதவில் ஒட்டிவிட்டான். தங்கப்பாண்டியன், பாட்டு. பாண்டிராஜ், தபேலா. முத்துச்செல்வி, சமையல். குருவம்மாளும் காலனியார் பதினொரு பேரும், பாத்திரம். ஆளுக்கொரு வரம்.

வாசலில் குருவம்மாள் மஞ்சள் பையோடு வந்து நின்றாள். புருசன் போன பிறகு ஒற்றை ஆளுக்குப் பொங்குகிறவள். அந்த ஒற்றை ஆள் உலையிலிருந்தும் வருடம் முழுக்க எடுத்துவைத்த அரிசி அது. வாரம் ஆறு நாள் அவளும் தங்கப்பாண்டியனும் நாரணாபுரத்தில் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே ஷெட்டில் வேலை பார்த்தார்கள். ஷெட்டுக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். அங்கே பிரித்து உட்கார இடமில்லை.

“அண்ணாச்சி, இந்த வருசமாச்சும் எங்க அரிசி அண்டாவுல வேகுமா?”

“அவுகவுகளுக்கு ஒரு வரம் குருவம்மா. நானா குடுத்தேன்? மேல இருந்து வந்தது.”

“மேல இருந்து வந்தது உங்க கையெழுத்துல இருக்கே அண்ணாச்சி.”

முத்துச்செல்வி சிரித்துவிட்டாள். “நாளைக்கு நானும் இவுக கூடக் கழுவுறேன்” என்றாள்.

“அண்டாவுக்குள்ள தலைய விடவா உன்னையக் கட்டிட்டு வந்தேன்? வேணும்னா நானும் வாரேன், வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு! ஊரே டிக்கெட் எடுத்துப் பாக்கும்.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான்.

குருவம்மாள் பையை இரண்டாவது டிரம்மில் கவிழ்த்தாள். கடைசி மணி விழும்வரை பையை உதறிக்கொண்டே நின்றாள்.

ஞாயிறன்று ஒரே உடம்பைப் பற்றிய பாட்டைத் தங்கப்பாண்டியன் கண்ணீரோடு பாடினான். பந்தி தொடங்கியது. கடைசிப் பாயில் காலனியார் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இலை போட்டதும் குருவம்மாள் எழுந்தாள்.

“எங்க அரிசி எங்கன இருக்கு அண்ணாச்சி?”

அவன் மூலையில் கிடந்த சாக்கைக் காட்டினான். அவள் அதில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“ஏழைகளுக்குன்னு போட்டிருக்கு. அப்ப எங்களுக்குத்தான்.”

சாக்கைத் தூக்கித் தலையில் வைத்தாள். பதினொரு பேரும் எழுந்தார்கள். இலைகள் வெறுமனே கிடந்தன.

“சாப்பிடாமப் போறீகளே! பாத்திரம்?”

“அரிசி போட்டவுக கழுவட்டும் அண்ணாச்சி.”

வடக்குத்தெரு திருப்தியாகச் சாப்பிட்டது. பிறகு அண்டாவைப் பார்த்தது. பாண்டிராஜ் ஏப்பத்தை முடித்துக்கொண்டு சொன்னான்: “எனக்குத் தபேலால்ல போட்டிருக்கீக.” வேதம் வாசிக்கும் வரமும் பூ அடுக்கும் வரமும் பெற்றவர்கள் கதவைச் சுட்டிக்காட்டிவிட்டு நடையைக் கட்டினார்கள். முத்துச்செல்வி கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

“எனக்குச் சமையல்னு எழுதியிருக்கீக. காலனியில உலை வச்சிருப்பாக.” திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மூன்று மணி வெயிலில் ஆலய முற்றத்தில் தங்கப்பாண்டியனும் அண்டாவும் மட்டும் இருந்தார்கள். அண்டாவின் அடியில் சோறு பிடித்துக் கருகியிருந்தது. அவன் தெருவை இருபுறமும் பார்த்தான். டிக்கெட் எடுக்க யாரும் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினான். சாம்பலை அள்ளிப் போட்டு, தேங்காய் நாரோடு தலையை உள்ளே விட்டான்.

காலனிப் பக்கம் ஒரு பாட்டு எழுந்தது. காலையில் அவன் பாடியதுதான். தான் எடுத்துக் கொடுக்காமல் அது தொடங்காது என்று பத்து வருடமாக நம்பியிருந்தான். இப்போது அது சரியான சுருதியிலேயே தொடங்கியிருந்தது.

இரண்டாம் அடியில் அவனும் மெதுவாகச் சேர்ந்துகொண்டான். அண்டாவுக்குள் அவன் குரல் காதடைக்க முழங்கியது. வெளியே, எச்சில் இலை கிளறிய காக்கை கூடத் திரும்பவில்லை.