எட்டரை மணிக் கெட்டில்

காலை எட்டரைக்கு மேவிஸ் பக்கத்து வீட்டைத் தன்னிடமிருந்த சாவியால் திறந்தாள். எழுபத்தொன்பது வயதில் திருடியைப் போலச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கெட்டிலில் தண்ணீர் பிடித்துச் சுவிட்சைப் போட்டாள். ஃபிரிட்ஜைத் திறந்து மூடினாள். சமையலறையின் குறுக்கே இரண்டு நடை நடந்தாள். சுவரிலிருந்த வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. “திருப்திதானே மாமியாரே?” என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தாள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. கிளிஃபர்ட் தூங்குகிறார் என்று நினைத்தாள்.

யார்க்‌ஷயர் மலைச்சரிவில், வயதானவர்கள் தனித்தனி வீடுகளில் குடியிருக்கும் கட்டடம் அது. மூன்று வருடத்துக்கு முன் வீட்டுவசதிச் சங்கத்தார் வீட்டுக்கு ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். கெட்டிலின் பிளக்கில் ஒரு சென்சார் கண், ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கண், சமையலறை மூலையில் ஒரு கண். காலை ஒன்பதுக்குள் கெட்டில் கொதிக்காவிட்டால் பொறுப்பாளர் டானாவின் டேப்லெட்டில் அந்த வீடு சிவப்பாகும். அவள் ஓடிவந்து கதவைத் தட்டுவாள். யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று வேவு பார்ப்பதே வேலையாக இருந்ததால், குடியிருப்பவர்கள் பெட்டிக்கு மாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாசற்கதவிலும் ஒரு கண் வைக்கப் பார்த்தார்கள். இது என்ன ஜெயிலா என்று கூச்சல் போட்டு எல்லோரும் தடுத்தார்கள். முதலில் கத்தியவள் மேவிஸ்.

தட்டுவது நல்லதுதான். ஆனால் ஒரு மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் அலுவலகத்திலிருந்து ஒருத்தி படிவங்களோடு வந்து உட்காருவாள். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்பாள். மே மாதம் கிளிஃபர்டுக்கு இரண்டு சிவப்பு விழுந்தது. மனிதருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. எண்பத்துநான்கு வயதில் கழித்தலில் தோற்றால், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள். அப்புறம் மேவிஸ் யாரோடு டொமினோ ஆடுவது? யாரோடு சண்டை போடுவது? ஜூன் பிறந்ததிலிருந்து அவளே கெட்டிலைப் போட்டுவந்தாள். டானா கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் அங்கே நின்றதில்லை.

இது நவம்பர். வியாழக்கிழமைதோறும் பத்து மணிக்குப் பொதுக்கூடத்தில் காப்பியும் பிஸ்கட்டும் உண்டு. பிஸ்கட் என்றால் கிளிஃபர்ட் முதல் ஆளாக நிற்பவர். அன்று வரவில்லை. டானா தன் சாவியால் அவர் வீட்டைத் திறந்தாள். மேவிஸும் பின்னாலேயே உள்ளே போனாள். படுக்கை காலியாக இருந்தது. மெத்தை சில்லிட்டுக் கிடந்தது.

டானா போன் செய்ததில் பத்தே கால் மணிக்கு ஒரு போலீஸ்காரி வந்து நின்றாள்.

“பயப்படாதீங்க. எட்டு முப்பத்தி மூணுக்குக் கெட்டில் போட்டிருக்காரு. முப்பத்தி நாலுக்கு ஃபிரிட்ஜ்,” என்று டானா டேப்லெட்டை நீட்டினாள். “டீயக் குடிச்சிட்டுக் கிளம்பியிருக்காரு. மார்க்கெட் பக்கம்தான் இருப்பாரு.”

“பஸ் பாஸ் மேஜைமேல கெடக்கு. அப்ப நடந்துதான் போயிருக்கணும்,” என்றாள் போலீஸ்காரி. “ஒரு மைலுக்குள்ள தேடினாப் போதும்.”

மேவிஸின் கண் வாசலுக்குப் பக்கத்திலிருந்த கொக்கியில் போய் நின்றது. பழைய பஸ் கம்பெனிச் சட்டை அதில் இல்லை. தொப்பியும் இல்லை. காலையில் தான் வந்தபோது இருந்ததா? யார் பார்த்தது? அவள் பார்த்ததெல்லாம் பச்சை விளக்கைத்தான். கிளிஃபர்ட் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். காலை ஐந்து மணிக்குக் கிளம்பும் முதல் வண்டி அவருடையது. போன வாரம் டொமினோ ஆடும்போது, “நாளைக்கு முதல் வண்டி, சீக்கிரம் படுக்கணும்,” என்றார். கிண்டல் செய்கிறார் என்று அவள் சிரித்தாள்.

“பழைய டிப்போல பாருங்க,” என்றாள்.

“அது நாலு மைல், மேவிஸ். முழுக்க மேடு. அவரு முழங்காலை வெச்சிக்கிட்டு ஒண்ணேமுக்கா மணி நேரத்துல எப்படிப் போவாரு? முதல்ல மார்க்கெட்டப் பாப்போம்,” என்றாள் டானா.

“வயசான பலபேரு அப்படித்தான், பக்கத்துலயே சுத்திக்கிட்டு இருப்பாங்க,” என்று போலீஸ்காரி வாக்கிடாக்கியை எடுத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே புல்வெளி உறைபனியில் வெளுத்திருந்தது. வாயைத் திறந்தால் கிளிஃபர்டின் வீடு போய்விடும். தன் வாயாலேயே அவரை அந்த இல்லத்துக்கு அனுப்பியதாகிவிடும். திறக்காவிட்டால் எந்த வீடும் அவருக்குத் தேவைப்படாது.

“அது நான்தான்,” என்றாள்.

“எது?”

“கெட்டில். நான்தான் போட்டேன். ஃபிரிட்ஜையும் நான்தான் தொறந்தேன். அவரு எட்டரைக்கு இங்க இருந்தாரான்னே எனக்குத் தெரியாது. நாலு மணிக்கே கிளம்பியிருப்பாரு.”

டானாவின் முகம் வெளிறியது. “இன்னிக்கு மட்டுமா?”

“ஜூன்லேருந்து.”

“தினமுமா? நான் அதை நம்பித்தானே கதவத் தட்டாம இருந்தேன்! ஆறு மணி நேரம், மேவிஸ். இந்தக் குளிர்ல…” டானா திரும்பிக்கொண்டாள்.

போலீஸ்காரி வண்டியை டிப்போவுக்கு அனுப்பச் சொன்னாள். மேவிஸ் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபது நிமிடம். அவள் வாழ்நாளில் அத்தனை நீளமான இருபது நிமிடத்தைப் பார்த்ததில்லை. பெட்டி பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்கி எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. பிறகு அந்த ஆத்திரம் அவள்மேலேயே திரும்பியது.

வாக்கிடாக்கி கரகரத்தது. டிப்போவை இடித்துவிட்டுக் கட்டிய டைல்ஸ் கிடங்கின் பின்சுவரோரம் கிளிஃபர்ட் உட்கார்ந்திருந்தார். யூனிஃபார்ம் சட்டை, தொப்பி, காலில் வீட்டுச் செருப்பு. உயிர் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கிளிஃபர்ட் மூன்று போர்வைக்குள் கிடந்தார். விரல்களில் கட்டு. டானா முந்தின நாளே அலுவலகத்துக்கு அறிக்கை எழுதி அனுப்பிவிட்டாள், அதற்காக டானாவைக் குற்றம் சொல்ல முடியாது. இனி அவர் பக்கத்து வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் மேவிஸ் வந்திருந்தாள்.

“யோவ், கிளிஃப்,” என்றாள்.

“வாம்மா மேவிஸ். உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னே இருந்தேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “தினமும் காலைல எவளோ ஒருத்தி என் வீட்டுக்குள்ள வர்றா.”

மேவிஸ் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“வந்து கெட்டிலப் போடுறா. நான் முழிச்சிக்கிட்டுத்தான் படுத்திருப்பேன். தண்ணி கொதிக்கிற சத்தம் கேக்கும். இப்ப டீ வரும், இப்ப டீ வரும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அதுக்குள்ள கதவு சாத்துற சத்தம். போயிடுவா. இத்தன மாசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு கப் போட்டுக் குடுத்திருப்பாளா சொல்லு!”

மேவிஸ் எழுந்து, வார்டின் கோடிவரை நடந்து, நர்ஸிடம் கெட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.