ஏழு நாள் பட்டியல்

விடிவதற்குள் இருநூறு பெட்டி மடித்தாக வேண்டும். அட்டையின் விளிம்பு கத்தியைவிட மோசம். கத்தியாவது கண்ணுக்குத் தெரிந்து வெட்டும். அட்டை போட்ட கீறலில், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை பட்டால் உச்சி வரை எரியும். மிளகா பல்லைக் கடித்துக்கொண்டு மடித்தாள். பெற்றோர் வைத்த பெயர் வேறு. இது அவள் வாய்க்குப் பயந்து அட்டைப்பெட்டிக் கூடம் வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது.

நூறு பெட்டிக்கு இவ்வளவு என்றிருந்த கூலியை முதலாளி அந்த வருடம் இரண்டு முறை குறைத்துவிட்டார். காகித விலை ஏறிவிட்டதாம். ஏறின விலையை மடிக்கிற கையிலிருந்து பிடுங்குவது என்ன நியாயமோ, அவருக்குத்தான் வெளிச்சம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மிளகா வேறு வழி பார்த்தாள். பழைய வெட்டு மிஷின் ஒன்று விலைக்கு வந்தது. அது இருந்தால் வீட்டு முன்னறையிலேயே பெட்டி போடலாம். செருப்புக்கடைக்காரர் ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். வங்கியில் போய் நின்றால் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். வாடகை வீட்டில் இருப்பவள் பத்திரத்துக்கு எங்கே போவாள்?

மிச்சம் இருந்தது சங்கம். கூடத்து ஆட்களும் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்களும் வாராவாரம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்துகிற சேமிப்புக் கடன் சங்கம் அது. டீ விற்றவரின் தள்ளுவண்டி கடையானது அந்தக் கடனில்தான். தையல்காரி ஒரு மிஷினை மூன்றாக்கியதும் அதில்தான். சங்கம் சொத்து கேட்காது. உறுப்பினர் இரண்டு பேர் ஜாமீன் நின்றால் போதும். ஒரே ஒரு வழக்கம் உண்டு. யாருக்குக் கடன், யார் ஜாமீன் என்று எழுதிச் சங்கத்துக் கதவில் ஏழு நாள் ஒட்டிவைப்பார்கள். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். ஒளிவுமறைவு கூடாது என்று செய்த ஏற்பாடு. அந்தக் கதவு தெருவைப் பார்த்திருக்கிறது, முதலாளியின் காரும் அதே தெருவில்தான் போகிறது என்று ஒருத்தருக்கும் தோன்றாமல் போயிற்று.

மிளகாவின் பேர் கதவில் ஏறிய மூன்றாம் நாள் முதலாளி கூடத்துக்கு நடுவில் வந்து நின்றார். ஜாமீன் போட்ட இருவரையும் கூப்பிட்டார். ஒருவர், பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டுகிற கட்டுக்காரர். இன்னொருத்தி மிளகாவின் நாத்தனார்.

"என் கூடத்துல சம்பளம் வாங்கிட்டு, எனக்கே போட்டியா கடை போட ஜாமீனா? சனிக்கிழமைக்குள்ள பேர அடிச்சிட்டு வாங்க. இல்லேன்னா கணக்கு முடிச்சிட்டுப் போங்க."

மிளகா எழுந்தாள். "அவங்கள ஏன் மெரட்டுறீங்க? கடன் கேட்டது நான்."

"உன்ன அனுப்பினா நீ மிஷின் வாங்கிப் பொழச்சுக்குவ. அவங்க எங்க போவாங்க?"

கட்டுக்காரர் அன்று சாயங்காலமே பேரை அடித்துவிட்டார். அவர் மனைவி நிறைமாதம். மிளகா அதையெல்லாம் பார்க்கவில்லை. நடுத்தெருவில் நிறுத்தி, ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். அவர் தலைகுனிந்தபடி போய்விட்டார். நாத்தனார் பேரை அடிக்கவில்லை, ஆனால் வீட்டில் அண்ணியோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமைச் சங்கக் கூட்டத்தில் செயலாளர் கையை விரித்தார். ஒரு ஜாமீனுக்குக் கடன் கிடையாது, விதி அப்படி. மிஷின்காரர் இன்னொரு வாரத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார்.

அப்போது பசை காய்ச்சுகிறவள் எழுந்தாள். குழாயடிச் சண்டையில் மிளகாவோடு முறைத்துக்கொண்டு இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவள்.

"எம்பேர எழுதுங்க. இவ மூஞ்சிக்காக இல்ல, இவ மூஞ்சிய எனக்குக் கண்டாலே ஆகாது. ஆனா இன்னிக்கு அந்த ஆளு மெரட்டித் தடுத்துட்டா, நாளைக்கு நான் ஒரு மாவு மிஷின் போடணும்னா எவ ஜாமீன் நிப்பா?"

இரண்டு பேர் என்றால் அந்த இரண்டு பேரையும் துரத்துவார் என்று யாரோ முனகினார்கள்.

"ரெண்டு பேருக்குக் கொறையக் கூடாதுன்னுதான விதி? மேல போகக் கூடாதுன்னு எங்க இருக்கு? கூடமே பேர் போட்டா எத்தன பேரத் தொரத்துவாரு?" என்றாள் பசைக்காரி.

செயலாளர் விதிப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார். எங்கேயும் இல்லை. அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் சண்டைதான். இவளுக்காக நாங்கள் ஏன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் கத்தினார்கள். மிளகாவைத் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. அவள் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு கேட்டாள். கடைசியில் கூடத்தில் வேலை செய்கிற முப்பத்தொரு பேர் பட்டியலில் ஏறினார்கள். கட்டுக்காரர் கூட்டத்துக்கே வரவில்லை.

சனிக்கிழமை காலை முதலாளி கதவில் புதிதாக ஒட்டிய பட்டியலைப் படித்துவிட்டு நேரே கூடத்துக்கு வந்தார். வாசலில் லாரி சரக்குக்குக் காத்திருந்தது.

"பேர் போட்ட அத்தன பேரும் வெளிய போங்க. நாளைக்கே வேற ஆள் எடுக்கறேன்."

பசைச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினார்கள். மடித்தது மடித்தபடி கிடந்தது. ஒவ்வொருவராக வெளியே வந்து லாரிக்கு முன்னால் நின்றார்கள். நாத்தனார் அண்ணியின் பக்கத்தில் வந்து நின்றாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான். கடைசியாக, கயிற்றுக் கண்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டுக்காரரும் கிளம்பினார்.

"நீ ஏன்யா போற? உம்பேர்தான் அதுல இல்லையே," என்றார் முதலாளி.

"இல்லதான். நான்தான அடிச்சேன். அன்னிலேருந்து சோறு எறங்கல எனக்கு."

அவர் வந்து வரிசையின் ஓரத்தில், யார் மேலும் படாமல் நின்றார். முதலாளி உள்ளே போய் யாருக்கோ போன் பேசினார். லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். மிளகா பசைக்காரியை இடித்துத் தள்ளி இடம் பண்ணினாள்.

"ஓரத்துல ஏன் நிக்கிறீங்க? இங்க நடுவுல வாங்கண்ணே."