பொதியில் வைக்க மறந்த சொல்

இந்தக் கதை ஒரு கடையில் எனக்குக் கிடைத்தது. சாய்ந்தமருதில் கணினி திருத்தும் மிஹ்லாரிடம் என் மடிக்கணினியைக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தன் திரையில் ஓடி நின்ற எழுத்துகளைப் பார்த்து, "ஸுப்ஹானல்லாஹ்" என்றார். கண் கலங்கியிருந்தது. விசாரிக்காமல் வர முடியுமா?

1

தொடக்கம்: பேச்சிழந்த ஹாஜறா ஜன்னலோரம் கண்ணீர் மல்க

(நிறுத்திவிட்டேன். "உம்மா அழுற ஆளில்ல" என்று ஹாஜறாவின் மகள் பஸ்னா சொல்லிவிட்டாள்.)

2

மறுபடியும். மிஹ்லாரின் மனைவி ஹாஜறாவுக்குப் பக்கவாதத்தில் பேச்சுப் போய்விட்டது. எல்லாம் விளங்கும், வாய்தான் வராது. படத்தை அழுத்தினால் அதற்குரிய சொல்லைச் சொல்லும் மென்பொருள் ஒன்றை யாரோ ஒருவர் றஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதி இலவசமாக விட்டிருந்தார். மிஹ்லாரின் வீட்டுக் கணினியிலோ யுனிக்ஸ் வம்சத்து இயங்குதளம். அதில் நிறுவுவதற்கான பொதியை, அதாவது package-ஐ, எவரும் கட்டியிருக்கவில்லை. மிஹ்லார் தானே கட்டத் தொடங்கினார்.

(விண்டோஸ் போட்டால் என்ன என்கிறீர்களா? மிஹ்லாரிடம் கேட்டுப் பாருங்கள், தேத்தண்ணிகூடக் கிடைக்காது. கைப்பேசியா? ஹாஜறாவின் விரல் ஒரு படத்தைத் தொடப்போய் மூன்றைத் தொடும்.)

3

பொதி கட்டும்போது, விதிப்படி, இணையம் அடைக்கப்பட்டிருக்கும். அந்த மென்பொருள் நம்பியிருக்கும் சிறு நிரல்களையெல்லாம் முன்னரே பெயர் சொல்லி இறக்கி, ஒவ்வொன்றும் அசல்தானா என்று சரிபார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆழ்கடலுக்குப் போன வள்ளம் உப்பு எடுக்கத் திரும்பி வராது அல்லவா, அதுபோலத்தான்.

அப்படிப்பட்ட நிரல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒன்று எழுத்தை வரையும், ஒன்று ஒலியை அனுப்பும், ஒன்று வெறுமனே நேரத்தைக் கணக்கிடும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் முகம் தெரியாத ஒருவர். ஒன்று விடுபட்டாலும் எல்லாம் சரிந்தது. பலமுறை சரிந்த பிறகு, நான் கடையில் நின்ற அன்றுதான் கட்டி முடிந்தது.

"இவங்க ஒருத்தருக்கும் ஹாஜறாவத் தெரியாது," என்றார் மிஹ்லார். "ஆனா ஒவ்வொருத்தரும் அவக்கு ஒரு வேல செஞ்சி வெச்சிரிக்காங்க."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. (பழைய சொல், அடித்துவிடலாமா என்று பார்த்தேன். உண்மை என்பதால் இருக்கட்டும்.)

4

இது பஸ்னா சொன்னது. பொதிக்குள் தமிழ்ச் சொற்களை மிஹ்லாரே தெரிவுசெய்து, மகளின் குரலில் பதிந்து வைத்திருந்தார்: தண்ணி, சோறு, மருந்து, நோகுது, தொழணும். அன்று மாலை ஹாஜறா முதல் படத்தை அழுத்தினார். "தண்ணி" என்றது கணினி. மிஹ்லார் விழுந்தடித்து ஓடித் தண்ணீர் கொண்டுவந்தார். ஹாஜறா அதைத் தள்ளிவிட்டுத் திரையில் எதையோ தேடினார்.

"என்ன புள்ள வேணும்? எல்லாம் போட்டிரிக்கன் தானே!" என்றார் மிஹ்லார் மனைவியிடம்.

உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பஸ்னா கேட்டாள்: "வாப்பா, வேணாம் எண்ட சொல்லு எங்க?"

இல்லை. நூற்றுக்கணக்கான நிரல்களில் ஒன்றையும் தவறவிடாத மனிதர் அதை மறந்துபோனார். கல்முனைச் சந்தையில் அந்த ஒரு சொல்லை வைத்தே பாதி விலைக்குச் சாமான் வாங்கியவர் ஹாஜறா.

5

முடிவு (அ): மிஹ்லார் சொல்லைச் சேர்க்கிறார். ஹாஜறா நன்றியோடு புன்ன—

முடிவு (ஆ): அவர் கணினியையே ஒதுக்கிவிட்டு

இரண்டும் என் கெட்டித்தனம். ஹாஜறா இரண்டிலும் இல்லை.

நடந்தது இதுதான். மிஹ்லார் அந்தச் சொல்லையும் வைத்துப் பொதியை மறுபடி கட்டினார். நான் இந்தக் கதையை இதுவரை எழுதிக்கொண்டுபோய் ஹாஜறாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கையை மெல்ல நகர்த்தி அழுத்தினார்.

"வேணாம்."

எதை? முடிவையா, மயிர்க்கூச்செறிந்ததையா, சந்தையையா, முழுக் கதையையுமா? கேட்டேன். அவர் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டார். ஒருவரையொருவர் அறியாத அத்தனை பேர் கூடி ஒரு மனுஷிக்கு அந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதை மறுத்துப் பேச நான் யார்? எந்த வரியை அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பேனா இனி உங்கள் கையில்.